டிரைவர் எங்கே தூங்குவார்?

பள்ளிக்கூடத்துக்கு மே மாத லீவு விட்டால் போதும், காரியாபட்டி டாக்சி டிரைவர்களின் போனுக்கு ஓய்வே இருக்காது. "அண்ணே, ரெண்டு நாள் கொடைக்கானல். ஏழு பேரு. விடியக்காலம் மூணு மணிக்கு வீட்டுக்கே வந்துருங்க. எவ்வளவு வாங்குவீங்க?" என்று பேரம் ஆரம்பிக்கும். கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை கிலோமீட்டர் கணக்கு, டோல்கேட் யார் பொறுப்பு, பார்க்கிங் யார் பொறுப்பு, ஏசி போட்டால் தனி ரேட்டா, டிரைவர் பேட்டா எவ்வளவு... ஒன்றையும் விடமாட்டார்கள். நூறு ரூபாயைக் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறவர்களும் உண்டு. இவ்வளவு பேசியவர்கள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை. ராத்திரி டிரைவர் எங்கே தூங்குவார்?

கேட்காததற்குக் காரணம், பதில் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். காரில் தூங்குவார். வேறு எங்கே?

இது டிரைவர் மேல் இரக்கப்படச் சொல்லும் கட்டுரை இல்லை. இரக்கப்பட்டால் நல்லதுதான். ஆனால் அதைவிட நேரடியான ஒரு கணக்கு இதில் இருக்கிறது. காரில் ஏறும் ஏழு பேரின் உயிரும் அந்த ஒரு மனிதரின் தூக்கத்தில்தான் தொங்குகிறது. அந்தத் தூக்கத்துக்கு வாடகைச் சீட்டில் ஒரு வரி கிடையாது. டீசலுக்கு இருக்கிறது, டயர் தேய்மானம்கூடக் கிலோமீட்டர் ரேட்டுக்குள் வந்துவிடுகிறது. தூக்கம் மட்டும் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது இலவசம் இல்லை.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் காரியாபட்டி. இங்கிருந்து மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காட் ரோட்டில் வேகமாகப் போக முடியாது என்பதால் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்றால் டிரைவர் இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். முந்தின நாள் வேறு ஒரு டிரிப் முடித்து அவர் படுத்ததே பதினொரு மணியாக இருக்கலாம். அதை விடுவோம். இரண்டு மணியிலிருந்தே எண்ணுவோம்.

எட்டு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தாயிற்று. வந்தவர்கள் ரூமில் குளித்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் படுத்து எழுந்திருப்பார்கள். டிரைவர் அந்த நேரத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பத்து மணிக்கு ஊர் சுற்றல் தொடங்கும். கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ், மோயர் பாயிண்ட், குறிஞ்சி ஆண்டவர் கோயில். 2024-ல் மஞ்சும்மல் பாய்ஸ் படம் வந்த பிறகு குணா குகையைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் பார்க்கிங்குக்கு மல்லுக்கட்டு. சாயங்காலம் ஏரி. அப்புறம் கடைத்தெருவில் ஹோம்மேடு சாக்லேட், தைலம், இத்யாதி. எட்டரை மணிக்கு, "அண்ணே, நல்ல ஹோட்டலாப் பாத்து விடுங்க". கடைசியில் லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி பத்து.

அதாவது இருபது மணி நேரம் விழிப்பு. நடுவில் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியது பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கலாம். பின்னால் வருகிற வண்டிக்காரர் ஹாரன் அடித்து அதையும் கலைத்திருப்பார்.

1997-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் அவருடைய கை, கண், கவனம் எல்லாம் எந்த அளவுக்குத் தடுமாறுகின்றன என்று அளந்து பார்த்தார்கள். ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்கு அது சமமாக இருந்தது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குடிபோதையில் ஓட்டிய குற்றம். அதாவது 0.03 சதவீதம். அப்படியானால் இரண்டு மணிக்கு எழுந்த டிரைவர் இரவு ஏழு மணிக்கே சட்டத்தின் அளவைத் தாண்டிய நிலைக்கு வந்துவிட்டார், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல்!

குடித்துவிட்டு வந்த டிரைவரின் வண்டியில் யாராவது தன் குழந்தையை ஏற்றுவார்களா? வாசலிலேயே சண்டை போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தூங்காத டிரைவரின் வண்டியில் மட்டும் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "அண்ணே, ஒரு பாட்டப் போடுங்க" என்கிறார்கள். குடித்தால் வாசனை வரும், தூங்காவிட்டால் வாசனை வராது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, பத்து மணிக்கு வண்டி நின்றுவிட்டது. இனி ராத்திரி.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே போகும். கரிசல் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு மே மாத ராத்திரியே அங்கே நடுக்கம்தான். முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காலை ஸ்டியரிங்குக்குக் கீழே மடக்கிப் படுக்க வேண்டும். கண்ணாடியை முழுக்க ஏற்றினால் மூச்சு முட்டும். இறக்கினால் குளிர் உள்ளே வரும். நடுராத்திரி ஒண்ணுக்கு வந்தால் ரோட்டோரம். காலையில் மற்றதற்கு? பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையைத் தேடிப் போக வேண்டும். குளிக்க வெந்நீர் என்பதெல்லாம் கனவு.

குளிர் தாங்காமல் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்களும் உண்டு. இது உயிரோடு விளையாடுகிற வேலை. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் புகை எங்காவது ஒரு ஓட்டை வழியாக உள்ளே வந்தால், அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் அப்படியே போய்விடுவார். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் அந்த வண்டியின் டிரைவர். ஏசிக்காக ஓடவிட்ட ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வண்டிக்குள் தூங்குவது என்பது வெறும் வசதிக் குறைவு இல்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு டிரைவர் இரண்டாம் நாளைத் தொடங்குகிறார். இந்த இரண்டாம் நாளில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

இன்னொரு ராத்திரிக்கு ரூம் வாடகை கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால், "சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டுக் கெளம்பிருவோம்ணே" என்பார்கள். ஆறு மணிக்கு மேல்தான் கிளம்புவார்கள். இருட்டு, மூடுபனி, கொண்டை ஊசி வளைவுகள், எதிரே ஹைபீம் போட்டு வருகிற வண்டிகள், இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத ஒரு டிரைவர். எல்லாம் ஒரே நேரத்தில் சேருவது அப்போதுதான்.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பது அனுபவமுள்ள டிரைவர்களுக்குத் தெரியும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். சும்மா பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி, ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இதற்கெல்லாம் கை பழகியிருந்தால் மட்டும் போதாது, மூளையும் விழித்திருக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 3 விநாடியில் 33 மீட்டர் ஓடிவிடும். மூன்று விநாடி என்பது கண் ஒரு தடவை செருகித் திறக்கிற நேரம். காட் ரோட்டில் அடுத்த வளைவு 33 மீட்டருக்குள்ளேயே இருக்கலாம்.

மலையில் தப்பித்தாலும் கீழே ஒரு கண்டம் காத்திருக்கிறது. வளைவுகளில் பயமே டிரைவரை விழிக்க வைத்துவிடும். வத்தலக்குண்டு தாண்டிச் சமதளத்துக்கு வந்ததும் "அப்பாடா" என்று உடம்பு தளரும். பின் சீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பேச ஆள் இல்லை. மதுரையைத் தாண்டினால் நேரான நாலுவழிச்சாலை, வண்டி சீராகப் போகும், இன்ஜின் சத்தம் தாலாட்டு மாதிரி கேட்கும். அங்கே 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே மூன்று விநாடிக்கு 83 மீட்டர். எதிரே ஒரு லாரி ஓரமாக நின்றிருந்தால் கதை முடிந்தது. மறுநாள் பேப்பரில், "டிரைவர் தூங்கியதால் விபத்து" என்று ஒரு வரி வரும். அவர் ஏன் தூங்கினார் என்று அடுத்த வரி வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தூரப் பயணமாக இருந்தால் நாளைக்கு 10 மணி நேரம் வரை போகலாம். ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரமாவது ஓய்வு. ராத்திரி தங்க வேண்டிய இடங்களில் முதலாளி ஓய்வறை ஏற்படுத்தித் தர வேண்டும். எல்லாம் அதில் எழுதியிருந்தது. ஆனால் குறைந்தது 5 தொழிலாளர்கள் இருக்கிற நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். இந்தச் சட்டத்தையும் வேறு பல சட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து 2020-ல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் தொடர்பான தொகுப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 நவம்பர் 21-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் இந்த எண்ணிக்கை 10 ஆகிவிட்டது.

காரியாபட்டியில் பத்து டிரைவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் டாக்சிக் கம்பெனிக்கு எங்கே போவது? இங்கே ஓடுவது பெரும்பாலும் ஒற்றைக் கார்கள். லோன் போட்டு வண்டி வாங்கி, தானே முதலாளியாகவும் தானே தொழிலாளியாகவும் இருப்பவர் ஒரு வகை. முதலாளி வேறு ஒருவராக, டிரைவருக்கு டிரிப் கணக்கில் கொடுப்பது இன்னொரு வகை. மூன்றாவது ஆக்டிங் டிரைவர். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள், மலைப்பாதையில் ஓட்டப் பயந்து, நாள் கூலிக்குக் கூட்டிப் போகிறவர் இவர். இந்த மூன்று பேருமே 1961 சட்டத்துக்கும் வெளியே, 2020 சட்டத்துக்கும் வெளியே. தனக்குத்தானே முதலாளியாக இருப்பவர், ராத்திரி ஓய்வறை கொடுக்கவில்லை என்று யார் மேல் கேஸ் போடுவார்?

ஆனால் விபத்து நடந்துவிட்டால் சட்டம் உடனே அவரைத் தேடி வந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி, அஜாக்கிரதையால் மரணம் ஏற்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. டிரைவரின் பொறுப்பு இரண்டிலிருந்து ஐந்தாக ஏறியிருக்கிறது. "ராத்திரியே கெளம்பியாகணும்" என்று நெருக்கியவரின் பொறுப்பு அப்போதும் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம்.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 2023-ல் தமிழ்நாடு அரசு தன் கட்டிட விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. ஹோட்டல், லாட்ஜுகளில் விருந்தாளிகளின் டிரைவர்களுக்கு என்று படுக்கைகளோடு ஓய்வுக்கூடம் இருக்க வேண்டும். ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படுக்கை. எட்டுப் படுக்கைக்கு ஒரு கழிப்பறையும் குளியலறையும். அதே வளாகத்திலோ, 250 மீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். டிரைவரும் ஒரு மனிதர், அவருக்கும் படுக்க இடம் வேண்டும் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுத்தில் வந்தது பெரிய விஷயம்தான்.

ஆனால் கட்டிட விதி என்பது கட்டிடத்துக்கு அனுமதி கேட்கும்போது வரைபடத்தைப் பார்க்கிற விதி. மலையில் எத்தனையோ பேர் தங்குவது பழைய லாட்ஜுகளிலும், காட்டேஜ், ஹோம் ஸ்டே என்று பெயர் மாட்டிய வீடுகளிலும்தான். அப்புறம், கூடம் இருந்தாலும் அது திறந்திருக்கிறதா, படுக்கை இருக்கிறதா, அங்கே ஸ்டோர் ரூம் சாமான்கள் கிடக்கின்றனவா என்று யார் பார்ப்பது? அங்கே தங்குகிற வாடிக்கையாளர் கேட்டால்தான் லாட்ஜ்காரர் பயப்படுவார். டிரைவர் கேட்டால், "அதெல்லாம் இல்லப்பா" என்ற ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

விதி எழுதினால் மட்டும் போதாது என்பதை விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் ஒரு அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று விதி இருக்கிறது. அவசர ஆர்டர் வந்தால் அந்த அறையில் இன்னும் நாலு பேர் உட்காருவார்கள். "ஒரு நாள்தானே" என்பார்கள். 2012 செப்டம்பரில் நடந்த முதலிப்பட்டி விபத்தை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனை விபத்துகள்! தீபாவளி முடிந்து ஆலைகள் கொஞ்ச நாள் மூடியிருக்கும்போது, வருஷம் முழுக்க மருந்தோடு மல்லுக்கட்டியவர்கள் காசு சேர்த்து வேன் பிடித்து மலைக்குப் போகிறார்கள். ஆலையில் எந்த "ஒரு நாள்தானே"வுக்கு அவர்கள் பயப்படுகிறார்களோ, அதே "ஒரு ராத்திரிதானே"வை டிரைவரிடம் அவர்களே சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி இதற்கு வருகிற பதில்களைப் பார்ப்போம். வழக்கமாக நாலு பதில் வரும்.

ஒன்று, "அவங்களுக்குப் பழக்கம்தான்". குளிரில் படுப்பது பழகலாம். தூங்காமல் இருப்பது பழகாது. தூக்கம் குறைந்தவருக்குத் தன் நிதானம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே தெரியாது என்றுதான் தூக்க ஆராய்ச்சிகள் சொல்கின்றன. "நான் நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று டிரைவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

இரண்டு, "அதுக்குத்தான் பேட்டா குடுக்குறோமே". பேட்டா நானூறோ ஐநூறோ, அது சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் சரி. சீசன் நேரத்தில் கொடைக்கானலில் அந்தக் காசுக்கு ரூம் எடுத்துவிட்டு அவர் எதைச் சாப்பிடுவார்? தவிர, வீட்டுச் செலவு, வண்டி டியூ என்று நூறு பிடுங்கல் இருக்கிறவர் கையில் காசைக் கொடுத்து, "ரூம் எடுத்துக்கங்க" என்றால், அவர் காசை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டுக் காரில்தான் படுப்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் தூக்கத்துக்குக் காசாகக் கொடுக்காமல் படுக்கையாகக் கொடுக்க வேண்டும் என்கிறோம்.

மூன்று, "அவரே கேக்கலையே". எப்படிக் கேட்பார்? ஸ்டாண்டில் பத்து வண்டி நிற்கிறது. ஒருவர் மட்டும் "எனக்கு ரூம் வேணும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மலை எறங்க மாட்டேன்" என்றால், அந்த டிரிப் பக்கத்து வண்டிக்குப் போய்விடும். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கிற வரைக்கும் கேட்கிறவருக்கு நஷ்டம். எல்லோரும் சேர்ந்து கேட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. காமர்ஸ் பாடத்தில் போட்டி நல்லது என்று சொல்லித் தருவார்கள். விலையைக் குறைக்கிற போட்டி நல்லதுதான். தூக்கத்தைக் குறைக்கிற போட்டியில் ஜெயிக்கிறவரும் தோற்கிறவரும் ஒரே காரில் அல்லவா போகிறார்கள்?

இப்போது பெருகியிருக்கிற ஒன்வே டிராப் டாக்சி இந்தப் போட்டியை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. போகிறவருக்கு ஒரு வழி வாடகைதான், லாபம். திரும்பி வருவது டிரைவர் பாடு. மேலே ராத்திரி தங்கினால் அவருக்குச் செலவு. அதனால் ஆளை இறக்கிவிட்ட கையோடு, அதே இருட்டில், காலி வண்டியோடு கீழே இறங்கப் பார்ப்பார். அந்த வண்டியில் பயணி யாரும் இல்லைதான். எதிரே ஏறி வருகிற வண்டியில் இருக்கிறார்களே?

நாலாவது பதில், "ரேட் ஏறிடும்". இதற்குத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏழு பேர், இரண்டு நாள், நாளைக்கு 250 கிலோமீட்டர் குறைந்தபட்சக் கணக்கில் 500 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்றால் 9,000. இரண்டு நாள் பேட்டா 1,000. ஆக 10,000 ரூபாய். டோல், பார்க்கிங் தனி. டிரைவருக்கு ஒரு டார்மிட்டரி படுக்கை 500 ரூபாய் என்று போடுங்கள். தலைக்கு 71 ரூபாய் சொச்சம். மோயர் பாயிண்ட்டில் ஆளுக்கு ஒரு பிரெட் ஆம்லெட்டும் டீயும் சாப்பிட்டால் ஆகிற செலவு! மொத்தச் செலவில் ஐந்து சதவீதம். காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று விசாரிக்கிறவர்கள், அதைவிட மலிவாகக் கிடைக்கிற இந்த இன்சூரன்ஸை வேண்டாம் என்கிறார்கள்.

இன்னொன்று. டிரைவரின் தேவையை வெளிப்படையாகக் கொடுக்காவிட்டால் அது வேறு வழியில் வசூலாகிவிடும். நெடுஞ்சாலை ஹோட்டல்களில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம் என்பது ஊரறிந்த ரகசியம். அந்த இலவசச் சாப்பாட்டின் விலை பயணிகளின் பில்லில் இருக்கிறது. மலை மேலும் அப்படித்தான். டிரைவருக்குப் படுக்க இடமும் கமிஷனும் கொடுக்கிற லாட்ஜ் எதுவோ, அங்கேதான் வண்டி போய் நிற்கும். அந்த ரூம் நல்ல ரூமா, வாடகை நியாயமா என்பதெல்லாம் அப்புறம். "டிரைவர் ஏமாத்திட்டான்" என்று புலம்புவதைவிட முன்கூட்டியே 500 ரூபாயை எழுதிவிடுவது லாபம் இல்லையா?

கொடைக்கானலுக்கு மனிதர்கள் மனிதர்களைச் சுமந்துபோனது புதுக் கதை இல்லை. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது ரோடு கிடையாது. 1875-ல் கொடை ரோடு ரயில் நிலையம் வந்த பிறகும், அங்கிருந்து அடிவாரம் வரை மாட்டு வண்டி, அதற்கு மேல் டோலியும் நாற்காலியும்தான். நாலு பேர் தூக்க, ஒருவர் உட்கார்ந்து போவார். போனவர்கள் டைரி எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள். தூக்கியவர்கள் அந்த ராத்திரி எங்கே படுத்தார்கள் என்று யார் எழுதினார்கள்? மோட்டார் வந்து டோலி போயிற்று. அந்த ஒரு கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

வெளிநாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலும் எழுதிவிட்டார்கள். ஐரோப்பிய யூனியனில் லாரி, பஸ் டிரைவர்களுக்கு 2006-ல் போட்ட விதிப்படி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வண்டியில் இருக்கிற கருவி இதைப் பதிவு செய்யும். வாரந்தோறும் எடுக்க வேண்டிய 45 மணி நேர நீண்ட ஓய்வை வண்டிக்குள்ளேயே கழிக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பும் கொடுத்தது. அவர்களுடைய லாரிகளில் படுக்கை, ஹீட்டர் எல்லாம் வைத்த கேபின் இருக்கிறது. அப்படியிருந்தும் "வண்டி வீடு ஆகாது" என்கிறார்கள். இங்கே படுக்க முன் சீட்டுதான், அதிலும் ஹேண்ட் பிரேக் இடுப்பில் குத்தும்.

அந்த அளவுக்கு நாளைக்கே போக முடியாது. முடிந்தவற்றைச் செய்யலாம்.

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போக 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அந்த 4,000 வண்டியில் நாலில் ஒன்று டிரைவர் வைத்து வருகிற வண்டி என்று வைத்துக்கொண்டாலே ஆயிரம் டிரைவர்கள். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அந்த ஆயிரம் பேர் எங்கே படுப்பார்கள் என்று கணக்குப் போடவும் தெரியும். இ-பாஸ் விண்ணப்பத்திலேயே, "வாடகை வாகனமா? டிரைவர் தங்குமிடம் எது?" என்று இரண்டு கட்டம் சேர்க்கலாம். ஏரிக்குப் பக்கத்திலோ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலோ கட்டணத்தோடு ஒரு டிரைவர் விடுதி, சுடுதண்ணீரோடு, நகராட்சியே நடத்தலாம். வருகிற பார்க்கிங் வசூலில் ஒரு பங்கை ஒதுக்கினாலே போதும்.

டாக்சி ஸ்டாண்டுகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிலோமீட்டர் ரேட்டை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து போர்டு எழுதி வைக்கிறார்கள் அல்லவா? அதே போர்டில் இன்னும் இரண்டு வரி எழுதலாம். "மலைப் பயணம்: டிரைவர் தங்கும் படுக்கை பயணிகள் பொறுப்பு. மாலை 5 மணிக்கு மேல் மலை இறங்கப்படாது." எல்லா வண்டியும் சொன்னால் பேரம் பேச இடமிருக்காது.

பயணிகள் செய்ய வேண்டியதுதான் அதிகம். ரூம் புக் பண்ணும்போதே, "டிரைவருக்கு இடம் இருக்கா?" என்று போனில் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த லாட்ஜைப் பாருங்கள். பத்து பேர் இப்படிக் கேட்டால் பதினோராவது ஆள் கேட்பதற்குள் லாட்ஜ்காரர் ஒரு அறையை ஒழித்து வைத்துவிடுவார். விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்புவதற்குப் பதில் ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஒரு பாயிண்ட் குறையும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு இறங்குங்கள். வெளிச்சத்தில் மலையும் அழகாகத் தெரியும். முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் கொட்டாவி விட்டால், "டீ சாப்பிடலாமாண்ணே?" என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேளுங்கள். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்திப் படுக்கிறேன் என்றால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். சாப்பிடும்போது அவரையும் அதே மேஜைக்குக் கூப்பிட்டால் இன்னும் நல்லது. அதற்குக் காசுகூட ஆகாது.

இதையெல்லாம் செய்தால் விபத்தே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. பனி இருக்கிறது, எதிரே வருகிறவர் இருக்கிறார், ரோடு இருக்கிறது. அவை எதுவும் பயணிகள் கையில் இல்லை. டிரைவரின் தூக்கம் மட்டும் ஏறக்குறைய முழுசாகப் பயணிகள் கையில் இருக்கிறது. அதன் விலை தலைக்கு எழுபத்தொரு ரூபாய். பேரம் பேச வேறு எத்தனையோ விஷயம் இருக்கிறது, இதில் வேண்டாம்.